ஏழாவது பெயர்

“முடிச்சாச்சு மாப்ளே” என்றபடி வெள்ளிக் கோப்பையின் மேல் துண்டைப் போட்டு மூடினார் பெயர் வெட்டுபவர்.

கோல்ஃப் கிளப் மேனேஜர் கையிலிருந்த டீ தளும்பியது. அவர் பெயர் வெட்டுபவரின் மனைவிக்குத் தம்பி. வருடத்துக்கு ஒரு நாள் வரும் இந்த வேலையை மாமாவுக்கு வாங்கிக் கொடுத்தவரும் அவர்தான்.

“முடிச்சாச்சா? ஆட்டமே முடியலையே மாமா! இன்னும் நாலு குழி பாக்கி!”

“போன வருஷம் என்னாச்சு? கூட்டம் சுத்தி நின்னு பாத்துச்சு. கை நடுங்கி, கடைசி எழுத்து சாஞ்சுபோச்சு. இன்னொரு தப்பு வந்தா பேர் வெட்ட மெஷின் வாங்கிடுவேன்னு உங்க கிளப் தலைவர் சொன்னாரா இல்லையா? அதான், கூட்டம் வர்றதுக்கு முன்னாடி, கை திடமா இருக்கறப்பவே வெட்டிட்டேன்.”

“முக்கால் மணி நேரமா டக்கு டக்குனு கேட்டுச்சே, அதுவா? பத்து நிமிஷ வேலைதானே உங்களுக்கு?”

“பாத்து வெட்டினேன்.”

மேனேஜர் கொஞ்சம் யோசித்தார். பிறகு முகம் தெளிந்தது. “அதுவும் சரிதான். ஆறு வருஷமா சக்கரவர்த்தியை எவன் அசைச்சிருக்கான்?”

பெயர் வெட்டுபவர் உளியைத் துடைத்தார்.

சக்கரவர்த்தி என்பது பத்திரிகைகள் வைத்த பட்டம். தொடர்ந்து ஆறு முறை இந்தக் கோல்ஃப் கோப்பை அவனுக்குத்தான். பரிசளிப்பு மேடைக்குப் பின்னால் இருந்த அந்தச் சின்ன அறையின் டிவியில், இப்போதும் மற்றவர்களைவிட ஓர் அடி குறைவாக அடித்து, முன்னிலையில் நிதானமாக நடந்துகொண்டிருந்தான்.

அவனை விரட்டி வந்தவன் ஒரு நெட்டையன். அவன் பெயரும் அவனைப் போலவே நீளம். வர்ணனையாளர் நான்கு முறை முயன்று நான்கு முறையும் பாதியில் மூச்சு வாங்கினார்.

பதினாறாவது குழி. முப்பதடி தூரத்திலிருந்து சக்கரவர்த்தி தட்டிய பந்து, சொல்லி வைத்தது போல உருண்டு குழிக்குள் விழுந்தது.

“பாத்தீங்களா! மனுஷனா அவன்!” மேனேஜர் துள்ளிக் குதித்தார்.

பெயர் வெட்டுபவர் கண்ணை மூடிக்கொண்டார். நெற்றியில் வியர்வை.

“இப்ப ரெண்டு அடி முன்னால இருக்கான். எதுக்கு வேர்க்குது உங்களுக்கு?”

“புழுக்கமா இருக்கு மாப்ளே.”

பதினேழாவது குழியில் சக்கரவர்த்தியின் பந்து மணலில் புதைந்தது. வெளியே எடுக்க இரண்டு அடி அதிகமானது. இருவரும் சமம்.

இப்போது வியர்த்தது மேனேஜருக்கு.

“மாமா, அதைத் தேய்ச்சு அழிச்சுட முடியுமா?”

“வெள்ளியில வெட்டினா வெட்டினதுதான்.”

“என் வேலையும் போச்சு, உங்க வேலையும் போச்சு! அக்கா என்னை வீட்டுக்குள்ள விடமாட்டா.”

“என்னை விடுவாளா, அதைச் சொல்லு.”

கடைசிக் குழி. நெட்டையன் குனிந்து, இரண்டு முறை அளந்து பார்த்து, தட்டினான். உள்ளே. சமத்தில் நிற்கவே சக்கரவர்த்தியின் பந்தும் இந்தத் தட்டிலேயே விழுந்தாக வேண்டும்; வெறும் நாலடி தூரம்.

“நாலடிதான்! தூக்கத்துல கூடப் போட்டுருவான்!” மேனேஜர் டிவியைக் கும்பிட்டார்.

பெயர் வெட்டுபவரும் கைகளை இறுக்கிக் கோத்துக்கொண்டு ஏதோ முணுமுணுத்தார்.

பந்து குழியின் விளிம்பைத் தொட்டது. ஒரு சுற்றுச் சுற்றியது. வெளியே வந்து நின்றது.

மேனேஜர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். கதவுக்கு வெளியே தலைவரின் குரல் கேட்டது. “கப்பு ரெடியா?”

“ரெடி சார்!” என்றார் பெயர் வெட்டுபவர். சிரிக்கவும் சிரித்தார்.

“மாமா, பைத்தியமா உங்களுக்கு? பின்வாசல் வழியா ஓடிடுங்க. நான் ஏதாவது சொல்லிச் சமாளிக்கிறேன்.”

பெயர் வெட்டுபவர் துண்டை உருவினார். ஒரே பெயர் ஆறு வரிகளில் வரிசையாக இருந்தது. அதற்குக் கீழே, கோப்பையைப் பாதி சுற்றி வளைத்துக்கொண்டு, புத்தம் புதிதாக மின்னியது நெட்டையனின் நீளப் பெயர்.

மேனேஜர் எழுத்துக் கூட்டி இரண்டு முறை படித்தார். “அவன்தான் ஜெயிப்பான்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“யாருக்குத் தெரியும்? ஆறு வருஷமா ஒரே பேரை வெட்டி வெட்டி அலுத்துப்போச்சு மாப்ளே!”