பார்த்து வாசிக்க வேண்டும்

“நம்புறேன் இல்ல! விசுவாசிக்கிறேன்! எங்க, திருப்பிச் சொல்லு!”

செல்லையா மேசையைத் தட்டிய வேகத்தில் தேநீர்க் கோப்பை துள்ளியது. யாங்கூன் நகரின் தாமுவே தமிழ்ச் சபையின் ஞானஸ்நான, விசுவாசப் பிரமாண ஆய்வுக் குழுவுக்கு அவர்தான் தலைவர்.

“ரெண்டும் ஒண்ணுதானே, ஊலே?” என்றாள் ஞானஸ்நானம் கேட்டு வந்திருந்த பூர்ணா.

“பர்மியில ஊலேன்னு கூப்பிடாத. ஐயான்னு சொல்லு! நம்புறது பஸ்ஸை. விசுவாசிக்கிறது ஆண்டவரை.”

“யாங்கூன் பஸ்ஸை யாரு ஐயா நம்புறாங்க? நான் இன்சீன்லருந்து ரயில்லதான் வந்தேன்.”

செயலாளர் மகேந்திரன் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். மின்சாரம் போய் ஒரு மணி நேரமாகியிருந்தது. மின்விசிறி நின்றதிலிருந்து எல்லோருடைய பக்தியும் சற்றுக் கொதித்துக்கொண்டிருந்தது.

குழு அமைத்துப் பதினான்கு மாதங்கள். தலையில் தெளிப்பதா, தொட்டியில் முக்குவதா என்ற முதல் கேள்வியே இன்னும் காயவில்லை. இதுவரை ஒரே ஒரு தீர்மானம்தான் நிறைவேறியிருந்தது.

“அதை வாசிங்க, மகேந்திரன்” என்றார் செல்லையா.

மகேந்திரன் மினிட்ஸ் நோட்டை முகத்தருகே உயர்த்தி வாசித்தார். “ஞானஸ்நானம் பெற வருபவர், விசுவாசப் பிரமாணத்தைத் தமிழில், பார்த்து வாசிக்க வேண்டும்.”

“கேட்டியா? மனப்பாடம் செல்லாது. கிளிகூட ஒப்பிக்கும்.”

“எனக்குத் தமிழ் எழுத்து தெரியாதுங்க ஐயா. அம்மா பர்மாக்காரங்க. படிச்சதும் பர்மிய ஸ்கூல்தான். அப்பா பேசுவாரு, அதான் பேச்சு மட்டும் வருது. பர்மியில முழுசா சொல்லிடுவேன்.”

“தமிழ்ச் சபையில பர்மியா? அப்போ பகோடாவுல போய்ச் சொல்லு!”

பூர்ணாவின் முகம் சிவந்தது. “புதன்கிழமை மலேசியா வேலைக்குப் போறேன். நாளைக்கு ஞாயிறு. விட்டா திரும்பி வர ரெண்டு வருஷம். அப்பா ஆஸ்பத்திரியில கிடந்தப்போ சொந்தக்காரங்க ஒருத்தரும் எட்டிப் பாக்கல. இந்தச் சபை ஆளுங்கதான் தினம் வந்து ஜெபம் பண்ணாங்க. அவங்க எந்த எழுத்துல படிச்சிருக்கேன்னு கேக்கல!”

“பாவம், சின்னப் பொண்ணு” என்று ஆரம்பித்தார் மூன்றாவது உறுப்பினர் சாந்தகுமாரி.

“பாவத்தைப் பத்திதானே இங்க பேசுறோம்! சட்டம் சட்டம்தான்!”

செல்லையா அலமாரியிலிருந்து ஜெபப் புத்தகத்தை எடுத்து அவள் முன்னால் போட்டார். சபைக்குச் சென்னையிலிருந்து வந்து எட்டு வருடமான புத்தகம். பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தன. பூர்ணா நகத்தால் பிரித்தாள். எழுத்துகளை வெறித்துப் பார்த்தாள். மூடினாள்.

“முடியல இல்ல? தமிழ் ரத்தம்னு சொல்லிக்க வெக்கமா இல்ல? இங்க பாரு!” செல்லையா தம் கறுப்பு அட்டை நோட்டை நெஞ்சுக்கு நேரே தூக்கிப் பிடித்தார். “ஜெபம், பிரமாணம், கீர்த்தனை எல்லாம் என் கையால எழுதினது. நாப்பது வருஷம்! ஒரு நாள் பாக்காம சொன்னதில்ல!”

நோட்டைத் திறந்து, ஜன்னல் அதிர விசுவாசப் பிரமாணத்தை வாசித்துக் காட்டினார். சாந்தகுமாரியும் மகேந்திரனும் தங்கள் நோட்டுகளைத் திறந்து கூடவே முணுமுணுத்தார்கள்.

“எனக்கு உங்க ஞானஸ்நானமே வேணாம்!”

பூர்ணா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்தாள். வாசல் செல்லையாவின் நாற்காலிக்குப் பின்னால் இருந்தது. அவரைக் கடந்தவள் நின்றாள். அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள். திரும்பி வந்தாள்.

“ஐயா, பார்த்து வாசிச்சா நாளைக்குக் குடுப்பீங்களா?”

“வாசிச்சிட்டா நானே தொட்டிக்குத் தண்ணி சுமக்குறேன்! எதைப் பார்த்து வேணும்னாலும் வாசி!”

அடுத்த நொடி அவர் கையிலிருந்த நோட்டு அவள் கைக்குப் போயிருந்தது.

“ஏய், அது என் நோட்டு! குடு இங்க!”

பூர்ணா கொடுக்கவில்லை. விரலை வரியில் ஓட்டி, விசுவாசப் பிரமாணத்தை முதலிலிருந்து கடைசிவரை தமிழில் வாசித்தாள். “விசுவாசிக்கிறேன்” வந்த இடங்களிலெல்லாம் செல்லையாவை நிமிர்ந்து பார்த்துவிட்டு வாசித்தாள்.

“இப்ப நான் சொன்னதைக் கேட்டுத் திருப்பிச் சொல்றா! செல்லாது!” என்று கத்தினார் செல்லையா.

அவள் பக்கத்தைப் புரட்டினாள். பத்துக் கட்டளைகள். அதையும் வாசித்தாள். அடுத்து ஒரு கீர்த்தனை. சரணத்தில்கூடத் தடுமாறவில்லை.

செல்லையா நாற்காலியில் உட்கார்ந்தார்.

“தமிழ் எழுத்தே தெரியாதுன்னியேம்மா?” என்றார் சாந்தகுமாரி, கண் கலங்க.

பூர்ணா நோட்டை மூடிச் செல்லையாவின் முன்னால் மரியாதையாக வைத்தாள்.

“இப்பவும் தெரியாதுங்க. ஐயா நோட்டு முழுக்கத் தமிழைப் பர்மிய எழுத்துலதான் எழுதி வச்சிருக்காரு.”

யாரும் செல்லையாவைத் திட்டவில்லை. சாந்தகுமாரி தம் நோட்டைக் கைப்பைக்குள் தள்ள, மகேந்திரன் மினிட்ஸ் நோட்டை மெதுவாக மூடி அதன் மேல் உட்கார்ந்துகொண்டார்.