பழைய ரேடியேட்டர்

"இந்தத் தடவையும் கொதிச்சா வண்டியை வித்துடுவேன்டா."

"போக்கா, போன பந்தயத்துல இதுலயே டீ போட்டிருக்கலாம். இப்போ பெரிய ரேடியேட்டர் மாட்டியிருக்கேன். ஓட்டிப் பாரு."

அக்கா பந்தயக் காரைத் தடத்துக்கு எடுத்துப் போனாள். தம்பி பட்டறையைப் பெருக்கினான். கழற்றிப்போட்ட பழைய ரேடியேட்டர் சுவரோரம் காலியாகச் சாய்ந்திருந்தது. அதை நகர்த்தப் போனவன் கையை உதறினான். சுட்டது. வெளியே எஞ்சின் உறுமும்போதெல்லாம் இன்னும் சூடேறியது. ஈரத்துணியைப் போர்த்தினான். துணி காய்ந்தது. மறுபடி நனைத்தான்.

அக்கா சிரித்துக்கொண்டே இறங்கினாள். பானெட் சில்லென்றிருந்தது.

"நடுவுல ஒருதடவை சூடு காட்டுற முள்ளு ஏறிச்சுடா. பயந்தே போயிட்டேன். அப்புறம் தானா இறங்கிடுச்சு."

அவன் பழைய ரேடியேட்டரைப் பார்த்தபடியே துணியைப் பிழிந்தான். அவனுக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது.

"பந்தயத்தன்னிக்கு நீ என் பக்கத்துல இருக்கணும். வருவல்ல?"