வரவேற்பறை மணி

இரண்டு அறையில் தொடங்கிய தர்ம ஆஸ்பத்திரி இன்று ஊருக்கு ஊர் கிளை விட்டு நிற்கிறது. பழைய வார்டை இடித்து கார் நிறுத்துமிடமாக்கிவிட்டார்கள். அங்கிருந்த அழைப்பு மணியை மட்டும் ஞாபகார்த்தமாக வரவேற்பறைச் சுவரில் மாட்டினார்கள். மதியமானால் அது அடிக்கிறது.

"ஒயரே கொடுக்கல சிஸ்டர், எப்படி அடிக்குது?" என்று எலக்ட்ரீஷியன் தலையைச் சொறிந்தார்.

தலைமை நர்ஸ் ஒரு டம்ளரில் தண்ணீர் பிடித்தாள். முதல் கிளையின் திறப்பு விழாவன்று மதியம், பழைய வார்டில் ஜன்னலோரக் கட்டிலில் கிடந்த ஒரு அம்மாள் இந்த மணியை அடித்துத் தண்ணீர் கேட்டாள். "இதோ வந்துட்டேம்மா" என்று சொல்லிவிட்டு, ரிப்பன் வெட்டுவதைப் பார்க்க இவள் பக்கத்து ஊருக்கு வேன் ஏறினாள். திரும்பி வந்தபோது அம்மாளின் முகத்தை மூடியிருந்தார்கள்.

இன்றும் டம்ளரில் தண்ணீரோடு போய், கட்டில் கிடந்த இடத்தில், இரண்டு கார்களுக்கு நடுவே வைத்தாள்.

"வந்துட்டேம்மா."

குனிந்து எடுத்தபோது டம்ளர் காலியாக இருந்தது. தரையில் ஈரமில்லை. உள்ளே மணி மறுபடியும் அடித்தது.