உப்பும் கரியும்

“என்னங்க, அந்தாளு நமக்குச் செய்வினை வச்சிட்டாரு!”

கொல்லையிலிருந்து மூச்சிரைக்க ஓடிவந்தாள் முத்துசெல்வி. கிட்டாரை மடியில் வைத்துக்கொண்டு தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்த பேச்சிராஜ் நிமிர்ந்தான்.

“எந்த ஆளு?”

“வேற யாரு, பக்கத்து வீட்டு உச்சிமாகாளிதான். விடியுத நேரம் இந்த வயசுல சுவரேறிக் குதிச்சு, நம்ம மூலையில குழி தோண்டுதாரு. ஜன்னல் வழியா என் கண்ணால பாத்தேன். பயத்துல சத்தமே வரல. இப்பத்தான் தைரியம் வந்து போய்ப் பாத்தா, குழி நிறைய உப்பும் கரியும்! மேல தண்ணி வேற.”

இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்று இரண்டு வருஷம். முருங்கைக் கிளை ஒன்று சுவர் தாண்டியதில் ஆரம்பித்த சண்டை. யார் முதலில் பேசுவது என்கிற வீம்பு மட்டும்தான் இப்போது பாக்கி.

பேச்சிராஜுக்கு அதை யோசிக்க நேரமில்லை. தென்காசியில் வீடு, குற்றாலத்தில் லாட்ஜ் வேலை, ஆசையெல்லாம் கிட்டாரில். சென்னையில் ஓர் இசையமைப்பாளர் வாசித்து அனுப்பச் சொல்லியிருந்தார். அனுப்பினான். ‘பின்னால் ஒரே இரைச்சல். நாளைக் காலை ஒன்பது மணிக்குள் சுத்தமாக அனுப்புங்கள். இல்லையென்றால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம்’ என்று நேற்று பதில் வந்தது.

இரைந்தது, அவனே வீட்டில் செய்த பெடல். காலால் மிதித்தால் கிட்டார் ஒலியை மாற்றித் தருகிற சின்னப் பெட்டி. அதற்கான பவர் சப்ளையும் சொந்தத் தயாரிப்புதான். பிளக்கைச் செருகினாலே குளவிக்கூடு மாதிரி ‘ம்ம்ம்’ என்று ஆரம்பித்துவிடும். ஒரு வாரமாகக் கெபாசிட்டரை மாற்றினான், ஒயரை மாற்றினான், பெட்டிக்குத் தகரம் அடித்தான். குறைந்ததே தவிர நிற்கவில்லை.

“இப்பப் புரியுதா, இந்தச் சனியன் ஏன் சரியாகலைன்னு? முந்தாநாளே சுவரோரம் நின்னு காதைத் தீட்டிக் கேட்டுக்கிட்டு இருந்தாரு. நாம நல்லாருக்கது பொறுக்கல! போய் நாலு கேள்வி கேளுங்க. பெறவு கீழப்பாவூர் நரசிம்மர் கோயிலுக்குப் போயிட்டு வந்துருவோம்.”

“இரு செல்வி, மணி எட்டாச்சு. ஒருக்கா வாசிச்சுப் பாத்துட்டு வாரேன்.”

பிளக்கைச் செருகிப் பெடலை மிதித்தான். சத்தமே இல்லை. கரண்ட் இல்லையோ என்று பார்த்தான். பெடலில் விளக்கு எரிந்தது. ஒரு கம்பியைத் தட்டினான். அந்த ஒரு சுரம் மட்டும் சுத்தமாகக் கேட்டது.

“என்ன செஞ்சீங்க?”

“நான் நேத்துலேருந்து இதைத் தொடவே இல்லியே!”

வேறெதுவும் யோசிக்காமல் வாசித்தான், அனுப்பினான். பத்து நிமிஷத்தில் பதில் வந்தது. ‘அருமை. திங்கட்கிழமை கிளம்பி வாங்க.’

பேச்சிராஜ் கொல்லைக்கு ஓடினான். பின்னாலேயே அவளும். மூலையில் உப்புக்கும் கரிக்கும் நடுவே ஓர் இரும்புக் குழாய். அதில் பளபளவென்று புதுக் கம்பி இறுக்கிக் கட்டியிருந்தது. அற்றுப்போன பழைய கம்பி பக்கத்தில் கிடந்தது.

“இது எர்த் குழி செல்வி! ஈரம் காயாம இருக்க உப்பும் கரியும் போடுவாங்க. கோளாறு இங்க இருக்க, நான் பெட்டிக்குள்ளயே தேடிக்கிட்டு இருந்திருக்கேன்.”

சுவருக்கு அந்தப் பக்கம் உச்சிமாகாளி பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

“அண்ணாச்சி...” என்றான் பேச்சிராஜ்.

அவர் வாயைக் கொப்பளித்தார். “வயரிங் வேலை பாத்த காது தம்பி. நீ கிட்டார் கம்பியைத் தொட்டா இரைச்சல் அடங்குது, கைய எடுத்தா கூடுது. எர்த் இல்லைன்னு தெரிஞ்சுபோச்சு. அப்படியே விட்டா இரைச்சலோட போவாது, என்னைக்காவது ஷாக் அடிச்சு ஆளையே கொண்டுபோயிரும்.”

பேச்சிராஜ் கைகூப்பினான். “என் பொழப்பையும் காப்பாத்திட்டீங்க, உசுரையும் காப்பாத்திட்டீங்க. நீங்க நல்லாருக்கணும் அண்ணாச்சி.”

முத்துசெல்விக்குக் கண்ணீர் நிற்கவில்லை. “நான் என்னென்னமோ நெனச்சுத் திட்டிட்டேனே! ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்திருக்கலாம்லா அண்ணாச்சி?”

“எப்படித் தாயி சொல்லுதது?” என்றார் உச்சிமாகாளி. “நாமதான் பேசிக்கிடுததே இல்லியே!”