முப்பத்தொன்றாவது பாடம்

பெண்கள் மதரஸாவின் புதிய பாடத்திட்டத்தில் முப்பது பாடங்களுக்குத்தான் இடம். முப்பத்தொன்றாவதாகத் தொங்கிக்கொண்டிருந்தது, இறந்த பெண்ணைக் குளிப்பாட்டிக் கபன் துணி உடுத்தும் பயிற்சி. குழுத் தலைவர் சிவப்புப் பேனாவைத் திறந்தார்.

"இதை எடுத்துட்டு கம்ப்யூட்டரைப் போட்டுடலாம். பிள்ளைங்க காலத்துக்கு ஏத்த மாதிரி படிக்கணும்ல?"

எல்லோரும் தலையாட்டினார்கள். குழுவில் புதிதாகச் சேர்ந்திருந்த கணக்கு டீச்சர் மட்டும் ஆட்டவில்லை.

"கம்ப்யூட்டர் வேணும் சார், வேண்டாம்னு சொல்லல. ஆனா இதை எடுத்துட்டா, நாளைக்கு ஒரு வீட்டுல பொம்பளை மௌத்தாயிட்டா யார் குளிப்பாட்டுவாங்க?"

தலைவருக்குச் சிரிப்பு வந்தது. "அதுக்குன்னே ஒரு அம்மா இருக்காங்க டீச்சர். பள்ளிவாசல் பலகையில நம்பர் எழுதியிருக்கு. போன் போட்டா அரை மணி நேரத்துல வந்துடுவாங்க. எங்கம்மாவுக்கும் அவங்கதான். முகத்தை மூடிக்கிட்டு நேரா உள்ள போனாங்க, முடிச்சுட்டு அதே மாதிரி கிளம்பிட்டாங்க. ஒரு வாய் தண்ணிகூடக் குடிக்கல."

"அவங்களால இன்னும் எத்தனை நாளைக்கு முடியும்னு கேட்டீங்களா?"

"இப்பவே கேட்டாப் போச்சு."

இந்த டீச்சர் லேசில் விடமாட்டார் போலிருக்கிறதே என்று நினைத்தபடி, தலைவர் செல்போனில் அந்த எண்ணைத் தேடி அழுத்தினார்.

டீச்சரின் கைப்பைக்குள் மணி அடித்தது.

அவர் போனை எடுத்து மேசைமேல் வைத்தார். அது அடித்துக்கொண்டே இருந்தது.

"நான் மௌத்தானாலும் இந்த நம்பருக்குத்தான் போன் போடுவீங்க சார். அன்னைக்கு யார் எடுப்பாங்க?"