சக்கரபாணி மாவு

"வாட்சை வேற யார் கையிலயும் குடுக்க மாட்டேன். சொல்லிட்டேன்!"

உடற்கல்வி ஆசிரியர் சக்கரபாணி ஸ்டாப்வாட்சைச் சட்டைப் பைக்குள் போட்டு, அதன் மேல் கையையும் வைத்துக்கொண்டார்.

"யாரு சார் கேட்டாங்க? நீங்கதான் புடிக்கணும்னு உங்களைத் தேடிக்கினு வந்திருக்கேன்" என்றாள் சூர்யகலா. விழுப்புரத்தில் ஒரு கல்லூரியில் விளையாட்டு அறிவியல் ஆராய்ச்சி செய்கிறவள். தன் கல்லூரி ஓட்டக்காரிகள் எட்டுப் பேரோடு காலையிலேயே பஸ் பிடித்துத் திண்டிவனம் வந்திருந்தாள்.

சக்கரபாணிக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. இந்தப் பெண்கள் பள்ளியில் அவரைத் தேடி வந்தவர்கள் எல்லாரும் இதுவரை புகார் சொல்லத்தான் வந்திருக்கிறார்கள்.

புகாருக்குக் காரணம் அவருடைய மாவு. வறுத்த கேப்பை, மல்லாட்டை என்கிற வேர்க்கடலை, பனைவெல்லம், கூடவே அவர் யாருக்கும் சொல்லாத ஏதோ ஒரு சரக்கு. ஓடுகிற பெண்களுக்கெல்லாம் தினமும் காலையில் அண்டாவில் கரைத்து ஊற்றுவார். குடித்தால் மான் மாதிரி ஓடலாம் என்பது அவர் கட்சி. குடித்தால் முதல் பீரியடிலேயே தூக்கம் சொக்குகிறது என்பது பெற்றோர் கட்சி. தலைமையாசிரியை ராஜாமணி போன மாதம் கறாராகச் சொல்லிவிட்டார்: "சயின்ஸ்படி நிரூபிச்சிக் காட்டுங்க சார். இல்லன்னா அண்டாவைக் கழுவிக் கவுத்துடுங்க."

அந்த நேரம் பார்த்துத்தான், மாவை வைத்து ஒரு சோதனை செய்யலாமா என்று சூர்யகலாவின் போன் வந்தது. அன்றிலிருந்து வாராவாரம் விழுப்புரம் பஸ்ஸில் டின் டின்னாக மாவு போயிற்று. இன்றைக்குச் சோதனை. சிவப்புச் சட்டை, மாவு குடித்த அணி. நீலச் சட்டை, குடிக்காத அணி. ஒவ்வொருத்தியாக நூறு மீட்டர் ஓட வேண்டும்.

"நூறு மீட்டரா? என்னாம்மா நீ! நம்ம மாவோட பவரு நீட்டு ஓட்டத்துலதான் தெரியும். பெருமுக்கல் மலைல ஏறச் சொல்லு, மூச்சு வாங்காம ஏறி எறங்குவாளுங்க!"

"நீட்டு ஓட்டம் எனக்குத் தோதுப்படாது சார். சின்ன ஓட்டம்தான் வேணும்."

அதோடு விட்டாளா? "ராத்திரி நல்லாத் தூங்கினீங்களா சார்? கண்ணாடி பவர் எவ்ளோ? காபி ஆச்சுங்களா?" என்று அடுக்கினாள். பெரிய மனிதர்களைப் பேட்டி காண்கிறவர்கள் இப்படித்தான் கேட்பார்கள் போலிருக்கிறது என்று சக்கரபாணியும் மலர்ந்த முகத்தோடு பதில் சொன்னார். முடிவுக் கோட்டருகே அவள் ஒரு கேமராவை நிறுத்தினாள். கோட்டோடு சேர்த்து அவரும் அதில் விழுவார் என்று தெரிந்ததும், சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொண்டார்.

ராஜாமணி குடையோடு வந்து ஓரமாக நின்றார். மைதானத்தின் அந்தக் கோடியில் ஓட்டம் தொடங்கக் கொடி இறங்கியது.

முதலில் நீலச் சட்டை. சக்கரபாணி நிதானமாகப் பார்த்து, அவள் நெஞ்சு கோட்டைத் தாண்டியதை உறுதி செய்துகொண்டு பட்டனை அமுக்கினார். அடுத்து சிவப்பு. "வாடி என் தங்கமே! வா, வா, ஜல்தி வா!" என்று குதிகாலில் எம்பி நின்று, மூச்சைப் பிடித்துக்கொண்டு அமுக்கினார். மாவு தன் மானத்தைக் காப்பாற்ற வேண்டுமே என்று அவர் வேண்டாத தெய்வமில்லை.

காப்பாற்றிவிட்டது. கடைசிப் பெண்ணும் ஓடி முடித்தபோது, அவர் வாட்சின்படி நான்கு சிவப்புமே நான்கு நீலத்தையும் முந்தியிருந்தார்கள்.

"பாத்தீங்களா மேடம்! பாத்தீங்களா!" சக்கரபாணிக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

"ஒத்துக்கிறேன் சார். அண்டா இருக்கட்டும்" என்றார் ராஜாமணி, அரை மனதாக.

சக்கரபாணி சூர்யகலா பக்கம் திரும்பினார். "உனக்கு டாக்டர் பட்டம் நிச்சயம்மா. உன் புக்குல நம்ம மாவு பேரைக் கொட்டை எழுத்துல போட்டுடு."

கேமராவின் சின்னத் திரையில் ஓட்டங்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்த சூர்யகலா நெளிந்தாள்.

"மாவு பேரு வராதுங்க சார்."

"ஏம்மா?"

"இந்தப் பொண்ணுங்க ஒருத்திகூட உங்க மாவைக் கண்ணாலயும் பாத்ததில்ல. வர்ற வழியில பஸ்ஸுல சீட்டு குலுக்கிப் போட்டுத்தான் சட்டையே பிரிச்சிக் குடுத்தேன். கேமராவுல பாத்தா ரெண்டு கலரும் ஒண்ணாத்தான் ஓடியிருக்குது."

"அப்ப நான் அனுப்புன டின்னு?"

"நானும் ஹாஸ்டல் வார்டன் அம்மாவும் குடிச்சித் தீத்துட்டோம் சார். ருசின்னா அப்படியொரு ருசி! ஜாக்கெட்டையெல்லாம் பிரிச்சித் தச்சிக்கினு இருக்கோம்."

ராஜாமணி குடைக்குள் முகத்தை மறைத்துக்கொண்டு குலுங்கினார். "அப்ப அண்டாவைக் கவுத்துடலாமா சார்?"

சக்கரபாணிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. "மாவும் இல்ல, ஓட்டமும் இல்லன்னா, என்னாத்த ஆராய்ச்சி பண்ண என்னை இந்தப் பேஜாருல மாட்டி உட்ட?"

"கோச்சிக்காதீங்க சார். ஜெயிக்கணும்னு நாம ஆசைப்படுறவங்க ஓடி வர்றப்போ, வாட்ச் புடிக்கிறவங்க கட்டைவெரலு எவ்ளோ முந்தி பட்டனை அமுக்குதுன்றதுதான் என் ஆராய்ச்சி. இதுவரைக்கும் நான் பாத்த வாத்தியாருங்கள்ல உங்க வெரலுதான் சார் ஃபர்ஸ்ட்டு!"