அரை நிமிடம் முன்னால்

அபிசாய் ஆட்டத்தைப் பார்க்கவில்லை. ஆட்டம் பார்க்கும் மச்சான் சகியூசாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சகியூசா பாயில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அவர் மகள் உனைசி. எதிரே டிவி. சுற்றிலும் ஊர்க்காரர்கள், நடுவில் கவா என்னும் வேர்ச்சாறு நிறைந்த தொட்டி. சிட்னியில் ரக்பி இறுதி ஆட்டம், ஃபிஜிக்கும் நியூசிலாந்துக்கும். உள்ளூர்ச் சேனலில் வராததால் ஒரு செல்போனில் இணையத்தைப் பிடித்து, அதை டிவியில் ஓடவிட்டிருந்தார்கள்.

போன வாரம் பள்ளிக்கூட பஸ் பாலத்துக் கைப்பிடியில் உரசிவிட்டது. ஓட்டியவர் சகியூசா. நாய் குறுக்கே வந்தது என்றார்.

நாயை வேறு யாரும் பார்க்கவில்லை.

அபிசாய்க்கும் அதே டிப்போவில்தான் வேலை. அவருடைய இரண்டு பிள்ளைகளும் அந்த பஸ்ஸில்தான் போகிறார்கள்.

"என்ன மச்சான், இங்கேர்ந்து ஸ்கோர் தெரியுதா?" என்றார் அபிசாய்.

"உன் விளங்காத மூஞ்சியே தெரியுது, ஸ்கோர் தெரியாதா? கவாவக் குடிச்சிட்டு சிரட்டையக் குடு."

எல்லோரும் சிரித்தார்கள். இவர்கள் இரண்டு பேரும் வம்பிழுக்காமல் உட்கார்ந்தால்தான் ஊர் பயப்படும்.

சகியூசா திடீரென்று தொடையில் அடித்தார். "இடது பக்கம் போறான் பாரு! விடாதே... வச்சிட்டான்!"

திரையில் பந்து இன்னும் மைதானத்தின் நடுவில்தான் இருந்தது.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் நம் ஆள் அதைப் பிடித்தான். இடது பக்கம் ஓடினான். கோட்டுக்கு அப்பால் வைத்தான்.

"கண்ணாய்யா அது? கழுகு!" என்று யாரோ கத்தினார்கள்.

இரண்டாம் தடவையும் அப்படியே நடந்தது.

அபிசாய்க்கு வெட்கமாகிவிட்டது. இந்தக் கண்ணையா சந்தேகப்பட்டோம்? டிப்போவில் எதையும் சொல்வதில்லை என்று முடிவு செய்தார்.

அப்போது படம் நின்றது. திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்ற ஆரம்பித்தது.

செல்போனைத் தட்டினார்கள். ஒருவன் ஃபேஸ்புக்கைத் திறந்தான். "எவனாவது ஸ்கோரச் சொன்னீங்க, பல்ல உடைப்பேன்" என்று இன்னொருவன் கத்தினான்.

சகியூசா மட்டும் திரையைவிட்டுத் திரும்பவே இல்லை.

"ஓடு! ஓடு! பாரு, மூணு பேரையும் ஏமாத்திட்டான்! வச்சிட்டான்டா!"

சுற்றிக்கொண்டிருந்த வட்டத்தை விரலால் சுட்டிக் காட்டினார்.

யாரும் சிரிக்கவில்லை.

அடுத்தவர் தலையைத் தொடுவது ஃபிஜியில் பெரிய அவமரியாதை. மச்சானானாலும் கூடாது. அபிசாய் "துலோ" என்று தாழ்ந்த குரலில் மன்னிப்புக் கேட்டுவிட்டு, சகியூசாவின் அடர்ந்த முடியை விலக்கினார். காதுக்குள் ஒரு சின்ன இயர்போன். அதன் வயர் பின்கழுத்து வழியாகச் சட்டைக்குள் இறங்கியது.

எடுத்துத் தன் காதில் வைத்தார். ரேடியோ. இணையத்தில் படம் வருவதற்கு அரை நிமிடம் முன்னாலேயே வந்துவிடும் ரேடியோ.

"என்னடா, ஒருத்தனும் சத்தம் போடல?" என்றார் சகியூசா, டிவியைப் பார்த்தபடியே.

"திங்கட்கிழமைலேர்ந்து பஸ்ஸ நான் எடுக்கறேன்" என்றார் அபிசாய். அதில் கிண்டலே இல்லை. மச்சான் என்றுகூடச் சொல்லவில்லை.

சகியூசாவின் கை மெல்லக் காதுக்குப் போனது. அங்கேயே நின்றது.

அபிசாய் உனைசியைப் பார்த்தார்.

"படிப்பு பிடிக்கலன்னுதானே பள்ளிக்கூடத்த விட்டே? அப்புறம் எதுக்கும்மா தினமும் காலையில அப்பா பக்கத்துல, முன் சீட்டுல ஏறிப் போறே?"



படம் மறுபடி ஓடத் தொடங்கியது. அறையில் ஒருவரும் அதைப் பார்க்கவில்லை, அவளைத் தவிர.

"வலது பக்கம் ஆள் இருக்குப்பா" என்றாள் பழக்கத்தில், அவர் காதோரம். "இப்ப இல்ல. இப்ப போகலாம்."